பதினேழாவது பின்னூட்டம்

கல்லாறு
14 செப்டம்பர் 2008

மாலையன் சாருக்கு,

கர்த்தர் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். அதற்கு மேல் சுகம் விசாரிக்காதீர்கள், பொய் சொல்ல வேண்டி வரும்.

இங்கே வந்து ஐந்து வாரம் ஆகிறது. கல்லாறு ஸ்டாப்பில் இறங்கி, பொன்முடி போகிற டூரிஸ்டுகளுக்கு உப்பிலிட்ட மாங்காய் விற்கிற கடைகளைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டர் ஏறினால் என் புதுப் பள்ளிக்கூடம். மொத்தம் பதினோரு பிள்ளைகள், அத்தனையும் மலையாளம். கரமனையில் பத்தொன்பது வருஷம் தமிழில் தொண்டை கிழியக் கத்தின எலிசாள், இப்போது 'தற', 'பற' என்று மலையாள எழுத்து சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். என் உச்சரிப்பைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். செல்ஃபோனுக்கு இங்கே டவர் கிடையாது. தபால்காரர் வாரம் இரண்டு நாள் ஏறி வருகிறார். அதனால்தான் இந்தக் கடிதாசு.

பாறசாலை வீட்டுக்குச் சனிக்கிழமை போனால் ஞாயிறு மத்தியானமே கிளம்ப வேண்டும். மகள் ஜினிக்கு இது பத்தாம் கிளாஸ். அவள் அப்பா ராஜையனுக்குக் கஞ்சி வைக்கத் தெரியும், கணக்கு சொல்லிக்கொடுக்கத் தெரியாது. போன வாரம் நான் கிளம்பும்போது அவள் கதவுக்கு வரவே இல்லை.

சார், நான் செய்தது தப்புதான். இல்லை என்று எங்கேயும் சொல்ல மாட்டேன். பள்ளி திறந்த ஆறாம் நாள் தலையெண்ணுவார்கள், தலை குறைந்தால் வகுப்பு போகும், வகுப்பு போனால் தமிழுக்குக் கடைசியாகச் சேர்ந்தவள், அதாவது நான், வெளியே போகணும். மூன்று தலை குறைந்தது. களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் படிக்கிற என் அக்காள் பிள்ளைகள் மூன்று பேருக்கும் நம் யூனிஃபார்ம் தைத்துப் போட்டு ஒரு நாள் உட்கார வைத்தேன். நம் ஸ்டாஃப் ரூமில் இது தெரியாதவர் யார்? ஆனால் ஜூலையில் மேலாபீஸ் ஆட்கள் வந்தபோது வேறு எந்த வகுப்பிலும் கால் வைக்காமல் நேரே என் வகுப்புக்கு வந்து, "டீச்சருடெ சேச்சியுடெ மூணு குட்டிகள் எவிடெ?" என்று கேட்டார்களே! அக்காள் பிள்ளைகள் என்கிற வரைக்கும் எப்படித் தெரிந்தது? யாரோ ஒற்றுச் சொன்னதால்தானே என்னை இந்த மலைக்கு மாற்றினார்கள்.

பியூன் வேலப்பன்தான். ஸ்டோர் ரூம் சாவிக்காக ஜூன் மாதம் அவனோடு நான் சண்டை போட்டதை நீங்கள் பார்த்தீர்கள். மேலாபீஸ் ஆட்கள் வந்துபோன அன்றைக்கு எல்லார் முன்னாலும், ஒற்றுக்காரன் நீதானே என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டேன். மண்ணு மாதிரி தலை குனிந்து நின்றான். குற்றமில்லாதவன் அப்படி நிற்பானா?

பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் கிறுக்குப் பிடிக்கிறது. கம்ப்யூட்டரில் வாத்திமார்கள் எழுதுகிறது என்று சாப்பாட்டு நேரத்தில் அளப்பீர்களே, அதில் ஏதாவது அச்சடித்து அனுப்பக் கூடாதா?

எலிசாள்

---

கரமனை
28.9.2008

அன்புள்ள எலிசாள் டீச்சருக்கு,

தங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாள்கள் வீணாயின. இது நான்காவது.

நீங்கள் கேட்டபடி பன்னிரண்டு பக்கங்கள் அச்சடித்து இணைத்திருக்கிறேன். பள்ளி ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டரில் நாலு மணிக்கு மேல்தான் எனக்கு இடம் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பிளாக் என்பது ஒருவர் எழுதி உலகமே படிக்கும் டைரி. படித்தவர்கள் அதற்குக் கீழே தங்கள் கருத்தை எழுதலாம். அதைப் பின்னூட்டம் என்கிறார்கள். நான் அனுப்பியிருப்பது 'மூன்றாம் பீரியட்' என்ற பிளாக். திருநெல்வேலிப் பக்கம் ஒரு வாத்தியார் எழுதுகிறார். நீங்களும் பின்னூட்டம் எழுத விரும்பினால் தாளில் எழுதி அனுப்புங்கள், உங்கள் பெயரில் நான் டைப் செய்து போடுகிறேன்.

பள்ளிச் செய்தி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உங்கள் வகுப்பறையில் பிள்ளைகளுக்கு மத்தியானம் ஊற்றும் உச்சக்கஞ்சிக்கான அரிசி மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். உங்கள் பிள்ளைகளில் ஏழு பேர் மலையாள வகுப்புக்கு மாறினார்கள். மற்றவர்களை என் வகுப்போடு சேர்த்திருக்கிறார்கள்.

வேலப்பன் கொண்டுவரும் சாயாவை இப்போது ஸ்டாஃப் ரூமில் யாரும் கை நீட்டி வாங்குவதில்லை. மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். அவர் விஷயத்தில் நாம் சற்று அவசரப்பட்டுவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் அப்படித் தோன்றுகிறது என்று கேட்காதீர்கள். வேறு ஒரு காரியமும் எழுத வேண்டும் என்றிருந்தேன். தபால் நேரமாகிவிட்டது.

தாணுமாலையன்

---

கல்லாறு
19 அக்டோபர் 2008

மாலையன் சாருக்கு,

பன்னிரண்டு பக்கமும் மனப்பாடம் ஆகிவிட்டது. உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

அந்த வாத்தியார் நல்லவர்தான், ஆனால் வாய் ரொம்ப நீளம். 'தினமும் ஒவ்வொரு குழந்தையோடும் ஐந்து நிமிடம் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்' என்று எழுதியிருக்கிறாரே, அதற்கு என் பின்னூட்டம். அப்படியே போடுங்கள்:

"ஐயா, நாற்பது பிள்ளைக்கு ஐந்து நிமிடம் வீதம் இருநூறு நிமிடம். பள்ளிக்கூடமே முந்நூறு நிமிடம்தான். பாடத்தை யார் எடுப்பது, உங்கள் அம்மாவா? இப்போது எனக்குப் பதினோரு பிள்ளைகள், நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரு பையன், டீச்சருக்கு வீட்டில் ஆரும் இல்லையா என்று கேட்டான். மறுநாள் முதல் பாடத்தை மட்டும் எடுக்கிறேன். எலிசாள், கல்லாறு."

'உங்கள் அம்மாவா'வை எடுத்துவிடாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

இனி முக்கியமான விஷயம். டிசம்பர் பத்தாம் தேதி எனக்கு விசாரணை. பதில் எழுதிக்கொண்டு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நோட்டீசை வாங்க மேலாபீசுக்குப் போனபோது விசாரணை ஆபீசரின் மேசையில் என் ஃபைல் திறந்திருந்தது. அதில் கம்ப்யூட்டரில் அச்சடித்த ஒரு தாள், தமிழில்! பக்கத்தில் மலையாளத்தில் பேனாவால் மொழிபெயர்ப்பு. வாசிக்குமுன் மூடிவிட்டார். "இன்டர்நெட்டில் வந்நதாணு டீச்சரே, லோகம் முழுவன் கண்டு" என்றார். உலகம் பூரா பார்த்ததாம்! தலைப்பை மட்டும் பார்த்துவிட்டேன்: 'தமிழ்ப் பள்ளிகள் மூடுவது யார் குற்றம்?' உங்கள் 'மூன்றாம் பீரியட்' எழுத்து மாதிரியே இருந்தது.

இப்போது எல்லாம் துலங்கிவிட்டது. வேலப்பன் மகன் விபினுக்கு வேலை எங்கே? இன்டர்நெட் கடையில்! அப்பன் சொல்ல மகன் அடித்திருக்கிறான். நானும் விடப்போவதில்லை. ஆறாம் நாள் காலையில் கேட்டைத் திறந்து அந்த மூன்று பிள்ளைகளையும் உள்ளே விட்டது யார்? அதே வேலப்பன். என் பதிலில் அதை எழுதிவிடுவேன். என் பிழைப்பு போனது மாதிரி அவன் பிழைப்பும் ஆடட்டும்.

அந்தப் பதிவைத் தேடி, கீழே யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதோடு முழுசாக அச்சடித்து அனுப்புங்கள். உங்களை விட்டால் எனக்கு இதைச் செய்ய யார் இருக்கிறார்கள்?

எலிசாள்

---

கரமனை
2.11.2008

அன்புள்ள டீச்சருக்கு,

தங்கள் பின்னூட்டத்தைப் போட்டேன். 'உங்கள் அம்மாவா' என்பதை 'வேறு யாராவதா' என்று மாற்றியதற்கு மன்னிக்கவும். பிளாக் வாத்தியார் பதில் எழுதியிருக்கிறார். இனி வகுப்புக்கு வெளியே நின்று உபதேசம் செய்ய மாட்டேன் என்று.

நீங்கள் கேட்ட பதிவையும் அதன் பின்னூட்டங்களையும் இணைத்திருக்கிறேன். அதில் இருந்து யார் சொன்னது என்று கண்டுபிடிக்க இயலாது என்பது என் அபிப்பிராயம். எல்லோரும் புனைபெயரில் எழுதுகிறார்கள்.

வேலப்பன் பெயரை எழுத வேண்டாம் டீச்சர். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

ஜினிக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாறசாலை போய் வருகிறேன். ராஜையனிடம் பேசிவிட்டேன். தயவு செய்து மறுக்காதீர்கள்.

தாணுமாலையன்

---

கல்லாறு
16 நவம்பர் 2008

மாலையன் சாருக்கு,

முதலில் ஜினி காரியம். நீங்கள் இரண்டு ஞாயிறு வந்ததை ராஜையன் சொன்னார். சாயா கூடக் குடிக்காமல் போனீர்களாம். கூடப்பிறந்த அண்ணன் செய்வானா இதை! எனக்குக் கண் நிறைந்துவிட்டது சார்.

இனி மற்றது. பக்கத்தின் மேலே 'பின்னூட்டங்கள் 17' என்று போட்டிருக்கிறது. நான் எண்ணினேன், பதினாறுதான் இருக்கிறது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பது வருஷம் அட்டெண்டன்ஸ் எடுத்தவளுக்கு எண்ணாமல் இருக்க முடியுமா? நாலாவது தாள் மற்றதைவிடக் குட்டையாக இருக்கிறது. கத்திரியால் வெட்டி ஒட்டின அடையாளம் விரலுக்குத் தெரிகிறது.

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. என்னைப் பற்றி அசிங்கமாக எதையோ எழுதியிருக்கிறான், டீச்சர் மனசு நோகக் கூடாது என்று நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள். உங்களுக்கு எப்போதுமே மென்மையான மனசு. ஆனால் நான் சின்னப் பிள்ளை இல்லை. எதுவானாலும் தாங்குவேன். அந்தத் துண்டை அனுப்புங்கள்.

வேலப்பனைப் பற்றி நீங்கள் கேட்டதை யோசித்தேன். முடியாது சார். பதிலை எழுதி முடித்துவிட்டேன், அவன் பெயர் இரண்டாம் பத்தியில் இருக்கிறது.

எலிசாள்

---

கரமனை
27.11.2008

எலிசாள் டீச்சருக்கு,

வெட்டிய துண்டு இத்துடன் இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் வாசிக்குமுன் நானே இங்கே எழுதிவிடுகிறேன்.

"தமிழ்ப் பள்ளிகள் மூடுவதற்கு எல்லை ஆசிரியர்களின் சோம்பல்தான் காரணம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் திருவனந்தபுரம் கரமனைக்கு ஒருமுறை வரட்டும். எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் இருக்கிறார். ஒவ்வொரு மே மாதமும் வீடு வீடாக ஏறி இறங்கித் தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்ப்பார். இந்த வருடம் ஆறாம் நாள் எண்ணிக்கைக்கு மூன்று தலை குறைந்தபோது, எல்லைக்கு அப்பால் படிக்கும் தன் அக்காவின் மூன்று பிள்ளைகளைச் சொந்தக் காசில் யூனிஃபார்ம் தைத்து அழைத்து வந்து வகுப்பைக் காப்பாற்றினார். தமிழ் வாழ்வது மேடைகளால் அல்ல, இப்படிப்பட்டவர்களால்தான். கரமனை வாத்தியார்."

அந்தக் கரமனை வாத்தியார் நான்தான்.

உங்களைக் காட்டிக்கொடுக்க எழுதவில்லை, புகழ்வதற்காக எழுதினேன். இதைச் சொன்னால் என் குற்றம் குறையும் என்று நினைத்திருந்தேன். எழுதிப் பார்க்கும்போது கூடுவதுபோல்தான் தெரிகிறது. மறுநாள் பிளாக் வாத்தியார் எனக்குத் தனியாக ஈமெயிலில், 'இப்படி ஒரு டீச்சர் இருக்கும்வரை தமிழ் சாகாது, அவரைப் பற்றி எழுதிய உங்கள் கையைக் கும்பிடுகிறேன்' என்று எழுதியிருந்தார். என் கையைக் கும்பிட இதுவரை யாரும் வந்ததில்லை டீச்சர். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைத் திறந்து படித்தேன். செய்தது நீங்கள், பெருமையை அனுபவித்தது நான். தமிழ் தெரிந்த ஒருவர் மேலாபீசிலும் இருந்து அதைப் படிப்பார் என்று ஒரு கணம் கூடத் தோன்றவில்லை.

ஜூலையில் அவர்கள் வந்து 'சேச்சியுடெ குட்டிகள்' என்று கேட்ட நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் வேலப்பனை ஒற்றுக்காரன் என்று அழைத்தபோது நான் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த நோட்டை எடுத்தேன். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம், மெமோ வந்தால் பென்ஷன் என்னாகும் என்று கணக்குப் போட்டேன். உங்கள் பின்னூட்டங்களை டைப் செய்தது, ஜினிக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது எல்லாம் அந்தப் பாவத்தைக் கழுவத்தான். என்னை அண்ணன் என்று எழுதினீர்களே, அதை வாசித்த பிறகுதான் இந்தத் துண்டைக் கவரில் வைத்தேன்.

விசாரணையில் வேலப்பன் பெயரைச் சேர்க்காதீர்கள். எழுதியது யாரென்று தெரியாது என்று மட்டும் சொன்னால் போதும். இவ்வளவையும் சொன்ன பிறகும் இப்படிக் கேட்கிறேன், பாருங்கள்.

தாணுமாலையன்

---

பாறசாலை
8 டிசம்பர் 2008

தாணுமாலையனுக்கு,

உங்கள் கடிதாசு கிடைத்த அன்று நான் வகுப்பை அரை மணி நேரம் முன்னால் விட்டேன். பிள்ளைகள் முன்னால் அழக் கூடாதே.

முதலில் உங்கள் பின்னூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பற்றி இப்படி யாரும் எழுதினதில்லை. அதை மட்டும் தனியாக வாசித்திருந்தால் பைபிளுக்குள் வைத்திருப்பேன். அதற்காக உங்கள் மேல் கோபமே இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்கள் உலகத்தில் எவ்வளவோ பேர், நானே ஒருத்தி.

விசாரணை முடியும்வரை லீவு சொல்லிவிட்டு, சனிக்கிழமை மலையிறங்கி நேரே நேமத்துக்குப் போனேன், வேலப்பன் வீட்டுக்கு. அவர் மனைவி அம்மிணி என்னைப் பார்த்ததும் உள்ளே போனவள் கடைசி வரை வெளியே வரவில்லை. வேலப்பன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "எந்தினு டீச்சரே இவ்வளவு தூரம், இரிங்க, இரிங்க" என்றார். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே கை கூப்பினேன்.

"உங்களை நான் தப்பாச் சொல்லிட்டேன். அது மாலையன் சார் எழுதினதாம். எனக்கு இப்பம்தான் தெரிஞ்சுது" என்றேன்.

"எனக்கு அன்னைக்கே அறியும் டீச்சரே" என்றார்.

"எப்படி?"

"ஜூன் மாசம் ஆபீசைப் பூட்ட நான் சாவியும் கொண்டு நிக்கேன். சாரு டைப் அடிச்சு முடிச்சிட்டு, 'வேலப்பா, இஞ்ச வா, கேளு'ன்னு என்னெ விளிச்சு முழுசும் வாசிச்சுக் காட்டினாரு. நல்லாருக்கு சாரேன்னு நான்தான் சொன்னது."

"பின்ன நான் அப்பிடிக் கேட்டப்போ வாயைத் திறக்கலாமே வேலப்பா!"

"நான் சொன்னா அதுதானே டீச்சரே ஒற்றிக்கொடுக்கிறது? அந்தப் பேருதானே நீங்க எனக்கு வச்சது. சாரு அங்கதான இருந்தாரு. இப்பம் சொல்லும், இப்பம் சொல்லும்னு பார்த்தேன். பிறகு தினமும் சாயா கொண்டு வைக்கும்போ முகத்தைப் பார்ப்பேன். அவரே சொல்லட்டு, நம்ம சொல்லண்டாம்னு இருந்தேன். அஞ்சு மாசம் ஆயிப்போச்சு, அல்லே?"

கேட்டீர்களா? வேலப்பனுக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவரை நிற்க வைத்தீர்கள். எனக்கு எழுதின கடிதாசில் நோட்டுத் திருத்தினது வரைக்கும் சொன்னீர்கள், இதை மட்டும் சொல்லவில்லை. அங்கேயும் ஒரு துண்டை வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு மலை போதும், தண்டனையும் போதும், அது நான் செய்ததற்கு. ஆனால் அவர் என்ன செய்தார் சார்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட அவரை ஒற்றுக்காரன் என்று கூப்பிடுகிறார்களாம். அந்தப் பேரை வைத்தது என் நாக்கு. அதை நினைத்தால் எனக்கு ஜெபம் பண்ணக் கூட வாய் வரவில்லை. உங்களால் எப்படி அவர் வைத்த சாயாவைக் குடிக்க முடிந்தது?

என் பதிலில் இரண்டாம் பத்தியைக் கிழித்துவிட்டேன். வேலப்பன் பெயர் இல்லை. உங்கள் பெயரும் இல்லை. அதை நான் எழுத மாட்டேன், நீங்கள் வந்து எழுத வேண்டும்.

புதன்கிழமை காலை பத்தரை மணி. வேலப்பன் லீவு போட்டுவிட்டு வருகிறாராம். நான் அவர் மேல் போட்ட பழி பொய் என்று அவரை வைத்துக்கொண்டே ஆபீசரிடம் சொல்ல வேண்டும் என்று நான்தான் கூப்பிட்டேன். வெளியே பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் இருப்போம். நீங்கள் வராவிட்டால் இனி எனக்குத் தாள் அனுப்ப வேண்டாம். ஜினிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

நாளைக் காலையில் நேமத்தில் இறங்கி, இந்தக் கடிதாசை வேலப்பன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை. அவர் வாசிக்க மாட்டார், உங்களுக்குத் தெரியும்.

எலிசாள்

---

கரமனை
11.12.2008

எலிசாள் டீச்சருக்கு,

நேற்று நீங்கள் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. ஆகவே உள்ளே நடந்ததை எழுதுகிறேன், நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக. இந்தமுறை எதையும் வெட்டவில்லை.

ஆபீசர் அந்தத் தாளை என் பக்கம் திருப்பி, "இது ஆராணு எழுதியது?" என்று கேட்டார். "ஞானாணு" என்றேன், நான்தான் என்று. ஐந்து மாதம் சுமந்ததைச் சொல்லி முடிக்க ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. எதற்காக எழுதினீர்கள் என்றார். பெருமைக்காக என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். ஆறாம் நாள் அந்த மூன்று பிள்ளைகள் இருப்பது தெரிந்தே ரெஜிஸ்டரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதையும், வேலப்பனுக்கு எல்லாம் தெரிந்தும் என் மரியாதைக்காக வாய் திறக்கவில்லை என்பதையும் எழுதிக் கொடுத்தேன். எனக்கு மெமோ வரும். இனி உங்கள் தண்டனை குறையுமா என்று கேட்டேன். "அது வேறெ காரியம்" என்றார். குறையாது என்று அர்த்தம்.

இன்று காலை ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். வேலப்பன் சாயா கொண்டுவந்தார். கை நீட்டி வாங்கினேன். டம்ளர் சரிந்து பாதி சட்டையில் கொட்டியது. "பதுக்கெ, சாரே" என்றார், மெதுவாக என்று. இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

ஜினிக்கு நீங்கள் வேறு ஆள் பார்ப்பதுதான் சரி. மூன்று பாடங்கள் மீதமிருக்கின்றன, குறிப்புகளை ராஜையனிடம் கொடுத்துவிட்டேன். பிளாக்கில் என் பின்னூட்டத்தை நீக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழே என் முழுப் பெயரையும் பள்ளியில் என் வேலையையும் எழுதி, இந்தப் புகழ்ச்சியால் அந்த டீச்சர் மலைக்கு மாற்றப்பட்டார் என்று போட்டேன். இதுவரை யாரும் பதில் எழுதவில்லை.

நேற்று நான் வராந்தாவுக்கு வந்தபோது, பெஞ்சில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்த வேலப்பன் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். நான் உட்காராமல் தூணோரம் நின்றது கர்வத்தால் என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை டீச்சர். அவர் பக்கத்தில் உட்கார எனக்கு யோக்கியதை இல்லை.

தாணுமாலையன்